என் நோன்பு, அவளுக்கு இரட்டைச் சமையல்: இந்தத் தவக்காலத்தை எப்படி இருப்பது?

கடலோரத்தான் | 5 மார்ச் 2025, இரவு 10.20

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் நாள். ஆபீஸ் முடிந்து ஆறரைப் பூசைக்கு ஓடி, நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வருடம் குருத்து ஞாயிறில் வாங்கிய ஓலைச் சிலுவை, வருடம் முழுக்க எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. போன வாரம் அதைக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதையெல்லாம் எரித்த சாம்பல்தான் இது.

சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். இப்போது சென்னையில் இருக்கிறேன். போன தவக்காலம் முழுக்கக் கவுச்சி தொடவில்லை. மீன், முட்டை, கறி எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. சிலுவைப்பாதைக்கும் முடிந்தவரை போனேன். கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் அன்று காலையில் என் மனைவி சொன்னாள்: "அப்பாடா, முடிஞ்சுதா? இனிமே ஒரே சமையல்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. அவளும் வேலைக்குப் போகிறவள். ஐந்து மணிக்கு எழுந்து ஓர் அடுப்பில் மீன் குழம்பு, இன்னோர் அடுப்பில் எனக்குச் சாம்பார். மீன் வெந்த சட்டியில் எனக்குச் செய்யக் கூடாது என்று தனிப் பாத்திரம் வேறு கேட்டேன். அதையும் அவள்தான் கழுவினாள். போதாக்குறைக்கு, ஒருசந்தி நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தலைவலி. வீட்டுக்கு வந்தால் யார் பேசினாலும் எரிந்து விழுவேன்.

இந்த வருடம் அப்படி இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. மீன் விடுவது கட்டாயமா? நோன்பிருந்து உள்ளுக்குள் உண்மையாகவே ஏதாவது மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மனதார வேண்டிக் கேட்கிறேன்.

மறைக்கல்வி வாத்தியார் | 6 மார்ச், காலை 6.05

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 1251, 1252. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 வயது நிறைவடையும் வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிரம்பிய எல்லோருக்கும். ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சம் போல. பட்டினி இல்லை. மீன் இறைச்சிக் கணக்கில் வராது. எனவே மீன் சாப்பிட்டால் பாவமில்லை. நாற்பது நாள் முழுச் சைவம் என்பது நம் மக்கள் பக்தியினால் தாங்களே ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 49-ஆவது அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் தானாக விரும்பி ஏதாவது ஒன்றைக் குறைத்துக்கொள்ளட்டும், அதை மகிழ்ச்சியோடு செய்யட்டும் என்கிறார். உடனே அடுத்த வரியில், எதைச் செய்யப்போகிறோம் என்பதை மடத்துத் தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அனுமதி இல்லாமல் செய்வது வீண்பெருமை என்கிறார். ஆறாம் நூற்றாண்டு மனிதர் இதை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள். உங்கள் மடத்தில் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் நோன்பு தொடங்கும்முன் உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?

கடலோரத்தான் | 6 மார்ச், காலை 9.40

கேட்கவில்லை ஐயா. சொன்னேன். கேட்கவில்லை.

ஜெஸி அக்கா, பாளையங்கோட்டை | 6 மார்ச், மதியம் 1.15

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் பக்கம் லெந்து காலம் என்றுதான் சொல்வோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், கடைசியில் பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளின் தியானம்.

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் அம்மாச்சியின் பானை ஞாபகம் வந்துவிட்டது. அடுக்களை மூலையில், அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில், வாய் கொஞ்சம் உடைந்த ஒரு மண் கலயம். உலை வைப்பதற்கு அரிசி அளப்பார்கள். உழக்கால் அளந்து முறத்தில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு கை அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார்கள். அதாவது பெட்டியிலிருந்து கூடுதலாக ஒரு பிடி எடுப்பதில்லை. எங்களுக்கென்று அளந்ததிலிருந்தே ஒரு பிடி குறையும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "ஏன் அம்மாச்சி, பெட்டியில நிறைய இருக்கே, அதுல இருந்து போடலாம்ல?" என்று கேட்டேன். "அது பெட்டி போட்டதாயிரும். நாம போட்டதாகணும்னா நம்ம தட்டுல குறையணும்" என்றார்கள்.

பிடி அரிசி என்பார்கள். வருடம் முழுக்க உண்டு. லெந்தில் இரண்டு பிடி. சபையில் ஒரு பாட்டி வீடு வீடாக வந்து வாங்கிப்போவார். எனக்கு உபவாசம் என்றால் முதலில் கண்ணுக்கு வருவது அந்தக் கைதான். அரிசியை அள்ளி மூடிய கை.

நீங்கள் விட்ட மீன் எங்கே போனது? அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

வசனப்பிரியன் | 6 மார்ச், இரவு 8.30

சகோதரர்கள் மன்னிக்கவும். சாம்பல் புதன், நாற்பது நாள் என்றெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது? இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்தார், உண்மை. நம்மை அப்படி இருக்கச் சொன்னாரா? நான் மாதம் ஒரு நாள் உபவாசித்து ஜெபிக்கிறவன். எந்த நாள் என்பதை ஆவியானவர் உணர்த்துவார். காலண்டர் பார்த்து வருகிற மனந்திரும்புதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சீசன் முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறார்களே, அந்த வேதனையில்தான் எழுதுகிறேன்.

மறைக்கல்வி வாத்தியார் | 6 மார்ச், இரவு 9.50

சகோதரர் கேட்டது நியாயமான கேள்வி. நாற்பது நாள் என்ற வழக்கம் நற்செய்தி நூல்களில் கட்டளையாக இல்லை என்பது சரி. ஆனால் மிகப் பழையது. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே அந்த 'நாற்பது' குறிப்பிடப்படுகிறது. அப்போது அது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகியிருக்க வேண்டும், விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

காலண்டர் பற்றி: எனக்கு 61 வயது. ஆவியானவர் உணர்த்தும்வரை காத்திருந்தால் நான் வசதியான நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பது என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை. நான் கேட்காமலே ஒரு புதன்கிழமை வந்து நெற்றியில் கை வைப்பது எனக்குத் தேவையாக இருக்கிறது. உங்களுக்கு வேறு வழியில் அது நடக்கிறதென்றால் ஆண்டவருக்கு நன்றி. சீசன் முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறோம் என்கிறீர்களே, அந்த வேதனை எனக்கும் உண்டு.

நைட் டியூட்டி நர்ஸ் | 7 மார்ச், அதிகாலை 4.10

நான் ஆண்கள் வார்டில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வெள்ளி அன்று, ஒரு ஐயாவை மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. சுகர் 48. வியர்த்து நனைந்திருந்தார். குளுக்கோஸ் ஏற்றி எழுந்ததும் முதலில் கேட்டது, "என் ஒருசந்தி முறிஞ்சிருச்சாம்மா?" அவர் முகம் எனக்கு மறக்கவே இல்லை.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்காதீர்கள். நோயாளிகளுக்கு இந்தக் கடமை இல்லை என்று திருச்சபையே சொல்கிறது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்களாக விடமாட்டார்கள்.

கடலோரத்தான் அண்ணா, உங்கள் நாலு மணித் தலைவலி பெரும்பாலும் டீ இல்லாததால் வருவது. தினமும் நாலு டீ குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அதற்குத் தடை கிடையாது. உங்கள் கோபத்தில் பாதியாவது குறையும்.

மறைக்கல்வி வாத்தியார் | 7 மார்ச், இரவு 7.45

இன்று பூசையில் முதல் வாசகம் எசாயா 58. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் இதைத்தான் வாசிப்பார்கள். இன்று கேட்கும்போது நம் உரையாடல்தான் மனதில் ஓடியது. நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். வரும் பதில்: நோன்பு நாளில் உங்கள் விருப்பத்தைத்தான் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள், சண்டையும் சச்சரவுமாக நோன்பிருக்கிறீர்கள். பிறகுதான் பசித்தவனோடு உணவைப் பகிர்வது வருகிறது.

முதலில் வேலையாட்கள். நம் நோன்பு நாளில் நமக்காக யார் கூடுதலாக உழைக்கிறார்கள் என்பதிலிருந்து அந்தப் பகுதி தொடங்குகிறது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இந்த வரிசை இன்றுதான் கண்ணில் பட்டது.

கோட்டயத்து மருமகள் | 8 மார்ச், காலை 11.00

நான் மதுரைப் பெண். சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுக் கோட்டயம் வந்தவள். இங்கே ஐம்பது நோன்பு. புதன்கிழமைக்குக் காத்திருக்க மாட்டார்கள், திங்கட்கிழமையே தொடங்கிவிடும். இந்த முறை 3-ஆம் தேதி. அதற்கு முந்தின ஞாயிறு பேத்துர்த்தா. அன்று ராத்திரியோடு மீன், இறைச்சிப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

வந்த புதிதில் எனக்கு ஆச்சரியம், வீட்டில் யாரும் 'நான் நோன்பு' என்று சொல்வதில்லை. வீடே நோன்பு. மாமியார் தனியாக யாருக்கும் எதுவும் சமைக்க வேண்டியதில்லை. அந்த ஐம்பது நாளும் அடுக்களை வேலை குறைவு. காலை கஞ்சி, பயறு, ஒரு சம்மந்தி (துவையல்).

பெரிய வியாழன் ராத்திரி பெசஹா அப்பம், புளிக்காத மாவில் செய்வது. குடும்பத் தலைவர் ஜெபம் சொல்லிப் பிட்டுக் கொடுப்பார். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்ய மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாமனார் இறந்த வருடம் எங்கள் மேஜையில் ஏழு வீட்டு அப்பம் இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் இந்த ஊர் சொந்த ஊரானது.

பிள்ளைகளுக்கும் சொல்லிப் பாருங்களேன் அண்ணா. வாரத்தில் ஒரு நாள் மட்டும், வீடு முழுக்க.

மன்னார்க்காரன் | 8 மார்ச், இரவு 10.30

உங்கள் எல்லோருடைய பதிவையும் வாசித்தேன். எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கட ஊரில் தவக்காலம் என்றால் இரவில் கோவிலில் வியாகுலப் பிரசங்கம் பாடி வாசிப்பார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதியது. கோவாவில் இருந்து வந்தவர், ஆனால் அந்தத் தமிழ் கல்லையும் கரைக்கும். என்ர அப்பு அதைப் பாடும்போது பெண்கள் விம்மி அழுவது இப்பவும் காதில் கேட்கிறது.

2009-இல் நாங்கள் வன்னிக்குள் இருந்தோம். அந்த வருடம் சாம்பல் புதன் பெப்ரவரி 25, ஈஸ்டர் ஏப்ரல் 12. அதற்கு நடுவில் நாங்கள் கஞ்சி குடித்துத்தான் இருந்தோம், அதுவும் கிடைத்த நாட்களில். உப்பில்லாத கஞ்சி. அது நோன்பு இல்லை, பசி. இரண்டையும் ஒன்றென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு நாள் பதுங்குகுழிக்குள் அம்மா தன் கிண்ணத்தில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஊற்றினா. எனக்கு ஊற்றவில்லை, அந்தப் பிள்ளைக்கு. அது நோன்பு. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுத ஏலாது. அம்மா இப்ப இல்லை.

ஜெஸி அக்கா, பாளையங்கோட்டை | 8 மார்ச், இரவு 11.05

தம்பி, உங்கள் அம்மாவுக்காக இன்றிரவு ஜெபிக்கிறேன்.

வசனப்பிரியன் | 9 மார்ச், காலை 7.00

நானும்.

கடலோரத்தான் | 9 மார்ச், இரவு 9.15

மன்னார்க்காரன் அண்ணா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம்.

அப்புறம் அவளிடம் கேட்டேன், இந்த வருடம் நான் எப்படி இருக்கட்டும் என்று. இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, வெள்ளிக்கிழமை சமையல் முழுக்க நான். பாத்திரம் கழுவுவது உட்பட. இரண்டு, மற்ற நாட்களில் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிட வேண்டும், மீன் குழம்பானால் மீன் குழம்பு. "பிடிச்சதை விடுறது ஈஸி. இருக்கறதைச் சாப்பிடுறதுதான் உங்களுக்குக் கஷ்டம்" என்றாள். பதினோரு வருடமாக என்னைப் பார்க்கிறவள்.

ஜெஸி அக்கா கேட்ட கேள்வியை அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆச்சி தவக்காலத்தில் மீன் சமைக்காமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாத்தா தினமும் கடலுக்குப் போவாரே, கறிக்கென்று வீட்டுக்கு எடுத்து வரும் மீன் என்ன ஆனது? அம்மா சொன்னார்கள்: "விக்கவா செய்வாங்க? ஆம்பளை கடலுக்குப் போகாத வீடு நாலு இருந்துச்சு தெருவுல. ஓலைப் பெட்டியில போட்டு, மேல வாழை இலையை மூடி, என்னையத்தான் கொடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. கதவைத் தட்டக் கூடாது. வாசல்ல வச்சிட்டு வந்துரணும்."

நாற்பது வருடமாக இது எனக்குத் தெரியாது. 'ஆச்சி மீன் சாப்பிட மாட்டார்கள்' என்பது மட்டும் என் கைக்கு வந்திருக்கிறது. பெட்டி வரவில்லை.

மறைக்கல்வி வாத்தியார் | 10 மார்ச், காலை 6.20

இரண்டாம் நூற்றாண்டில் 'எர்மாவின் மேய்ப்பர்' என்று ஒரு நூல். விவிலியத்தில் சேரவில்லை, ஆனால் ஆதித் திருச்சபையில் மதிப்போடு வாசித்தார்கள். அதில் நோன்புக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது: அன்று சாப்பிடாத உணவுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு. உங்கள் ஆச்சி அதைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

நவீன் 2கே | 21 மார்ச், இரவு 11.40

நான் காலேஜ் படிக்கிறேன், ஹாஸ்டல். இந்தத் தவக்காலத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை என்று முடிவு எடுத்தேன், இன்றைக்கு மீறிவிட்டேன், இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் ரூம்மேட் ரம்ஜான் நோன்பு இருக்கிறான். மூன்றரைக்கு எழுந்து சஹர் சாப்பிடுவான். நான் முழித்திருந்தால் எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் தருவான். அவனைப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் விட்டுவிட்டால் எல்லாம் போச்சா? திரும்பத் தொடங்கலாமா?

ஜெஸி அக்கா, பாளையங்கோட்டை | 22 மார்ச், காலை 5.50

நாளைக்கு என்று தள்ளாமல் இன்று ராத்திரியே தொடங்கு மகனே. சிலுவைப்பாதையில் இயேசு மூன்று தடவை விழுகிறார் என்று உங்கள் கோவிலில்தானே சொல்வார்கள்? 3, 7, 9-ஆம் நிலைகளில். மூன்று தடவையும் எழுந்திருக்கிறார். அந்தப் பையனுக்கு ஒரு நாள் சஹருக்கு நீ ஏதாவது வாங்கி வை.

வசனப்பிரியன் | 30 மார்ச், மாலை 4.00

கடலோரத்தான் சகோதரரே, எப்படிப் போகிறது? கேட்கலாமா என்று தயங்கினேன். இரகசியத்தில் உபவாசம் இரு, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று ஆண்டவர் சொன்னாரே, இங்கே எழுத வைப்பது சரியா என்றும் ஒரு எண்ணம்.

கடலோரத்தான் | 30 மார்ச், இரவு 10.10

உங்கள் தயக்கம் சரிதான். அதனால் யாருக்கு என்ன கொடுத்தேன் என்று எழுதப்போவதில்லை. சமையலை மட்டும் சொல்கிறேன்.

முதல் வெள்ளி சிறுபயறு கஞ்சியும் காணத் (கொள்ளு) துவையலும். பயறை வறுக்காமல் போட்டுவிட்டேன், பச்சை வாசனை. காணத்தை அம்மியில் அரைத்ததுபோல் வரவேண்டும் என்று மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தேன். சின்னவள், "அப்பா, நெஜமாவே இதுதான் சாப்பாடா?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். நேற்று முன்தினம் மூன்றாவது வெள்ளி. இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டாள்.

ஆறு தட்டு, இரண்டு சட்டி, மிக்ஸி ஜார், கரண்டிகள். இதைத் தினமும் ஒருத்தி நின்றுகொண்டே கழுவுகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் முதுகுக்குத் தெரியாமல் இருந்தது. ஜெபம் என்று சொல்லலாமா தெரியவில்லை, அந்தக் குழாயடியில் நிற்கும் அரைமணி நேரம்தான் வாரத்தில் நான் உண்மையாக ஆண்டவரிடம் பேசும் நேரமாகிவிட்டது.

கடலோரத்தான் | 19 ஏப்ரல், காலை 10.30

பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வந்தோம். இந்தப் பக்கம் 15-ஆம் தேதியே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. படகுக்குப் போகிற கூலி ஆட்களுக்குப் பிடிபட்ட மீனில்தான் பங்கு, மீன் இல்லை என்றால் பங்கும் இல்லை. எத்தனையோ வருடம் புனித வாரத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், இரண்டும் ஒன்றாக வருவதை இந்த முறைதான் கவனித்தேன்.

ஓலைப் பெட்டி இப்போது வீட்டில் இல்லை. அம்மா ஒரு தூக்குவாளியும் துணிப்பையும் எடுத்துக் கொடுத்தார்கள். வியாழன் ராத்திரி, பாதம் கழுவும் பூசை முடிந்து எல்லோரும் நற்கருணை ஆராதனைக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், நானும் பெரியவனும் போய்விட்டு வந்தோம். கதவைத் தட்டவில்லை.

நைட் டியூட்டி நர்ஸ் | 19 ஏப்ரல், மதியம் 12.20

அண்ணா, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? நேற்று ஒருசந்தி இருந்தாரா?

கடலோரத்தான் | 19 ஏப்ரல், மதியம் 12.45

இருக்கிறது தங்கச்சி, பன்னிரண்டு வருடமாக. பட்டினியாக இருக்கத்தான் பார்த்தார். நீங்கள் எழுதியதைக் காட்டினேன். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டார். மதியம் சிலுவைப்பாதை முடிந்து கோவில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து குடித்தார். சின்னவள் தன் துவையலைப் பாதி அவருக்கு வைத்தாள்.